ஐந்து ரிங்கிட் அர்ச்சனை

வியாழக்கிழமை காலை 6.40. ஜொகூர் பாரு குடிநுழைவு மண்டபத்தின் கண்ணாடி வழியே நான் முதலில் பார்த்தது மோட்டார் சைக்கிள்களை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் வந்த திசைக்கு எதிராகப் பாலம் முழுக்க நின்றார்கள். காற்றுக்காக மேல்சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கைபேசியை நீட்டி, திரையிலிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை.

மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலையில் பாதி. செய்தியில் ஆளின் பெயர் முழுமையாக, தகப்பன் பெயரோடு, ஆவணத்தில் உள்ளபடி வர வேண்டும். அதில் நான் கறாரானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

தோள்பையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே என் சித்தப்பா மகள் கலாவதியின் செவிலியர் படிப்புச் சான்றிதழ்கள், இரண்டாம் படி, நான்கு தாள்கள். கலா ஜொகூரில் பிறந்தவள். மதுரையில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவள். மூலச் சான்றிதழ்கள் ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் அவள் கணவன் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவள் அங்கே இல்லை. எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு வெளியேறி ஆறு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை குளுவாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. தாள் இல்லாமல் வேலை இல்லை. தபாலில் அனுப்பினால் முகவரி எழுத வேண்டும். முகவரியை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் நானே கொண்டுவந்தேன்.

இதில் வரும் மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்போது கலா ஒளிந்திருந்த பாலோ என்ற ஊரின் பெயரை மாற்றவில்லை. இனி அதில் ஆபத்தில்லை.

ஸ்கூடாய் போகும் பேருந்தில் ஏறி ஐம்பது ரிங்கிட் நோட்டை நீட்டினேன். ஓட்டுநர் நோட்டைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கருவியைச் சுட்டினார். கார்டு இல்லை என்றேன். அப்படியானால் சரியான சில்லறை என்றார் உடைந்த ஆங்கிலத்தில். அதுவும் இல்லை. எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். இறங்கிக்கொண்டேன். மதுரையில் நடத்துநர் திட்டிவிட்டு டிக்கெட்டின் பின்புறம் மீதியை எழுதிக் கொடுப்பார். இங்கே யாரும் திட்டவில்லை. கதவு மூடிக்கொண்டது.

வெளியே வாடகைக் கார் ஓட்டும் தினேஷ் பிடித்துக்கொண்டான். முப்பது வயது இருக்கும். முன்பு சிங்கப்பூரில் கிடங்கு வேலை, முதுகு போனதால் இப்போது கார்.

“ஊர்ல இருந்து வர்றீங்களா அக்கா? மூஞ்சப் பாத்தாலே தெரியுது லா. ரொக்கத்த கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறவங்க ரெண்டே பேருதான். ஒண்ணு ஊர்லேர்ந்து வந்தவங்க. இன்னொண்ணு ஏதோ மறைக்கிறவங்க.”

“நீ எதை வாங்கிக்குவே?”

“நான் ரெண்டையும் வாங்கிக்குவேன். நானும் கொஞ்சம் மறைக்கிறவன்தான்.”

ஸ்கூடாயில் அவன் இறக்கிவிட்ட உணவகம் இபுராகிம் பாயுடையது. கீழக்கரைப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. பல்கலைக்கழக மாணவர்கள் மேசைகளை நிறைத்திருந்தார்கள். ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் வந்தன. எங்கள் ஊர்ப் பரோட்டாவின் தம்பி மாதிரி இருந்தது ரொட்டி: மெலிந்தது, மொறுமொறுப்பானது, அண்ணனைவிட மரியாதை தெரிந்தது. தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரில் சர்க்கரை அதிகம்.

கலா வீட்டைவிட்டு வந்ததும் முதலில் வேலை கொடுத்தவர் பாய்தான். சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கும் வேலை. கூலி ரொக்கம். அவர்தான் பாதிக் கதையைச் சொன்னார்.

“ஒழுங்காத்தான் இருந்துச்சு மா புள்ள. நாலு மாசம் மேல இருந்துச்சு. வெளியவே போகாது. ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். கையில ரொக்கம் இல்ல. எங்கிட்ட கேட்டிருக்கலாம், கூச்சம். போன்ல அரசாங்கம் போட்ட உதவிப் பணம் இருந்துச்சுல்ல, அதுல பக்கத்து மருந்துக் கடையில ஸ்கேன் பண்ணிருச்சு. மூணாம் நாள் அவ புருஷன் அந்தக் கடை வாசல்ல நிக்கிறான். அன்னிக்கி ராத்திரியே புள்ள இந்த ஊர விட்டுப் போயிருச்சு.”

நடந்தது இதுதான். அவளுடைய மின்பணப்பை கணவன் பெயரில் எடுத்த சிம்மில் தொடங்கப்பட்டது. வீட்டில் கிடந்த பழைய கைபேசியிலும் அது திறந்திருந்தது. இங்கே அவள் மருந்து வாங்கிய நொடியில் தெப்ராவில் அந்தத் திரையில் கடைப்பெயர், ஊர், நேரம் மூன்றும் விழுந்தன. கடவுச்சொல்லை மாற்றலாமே என்று கேட்டேன்.

“மாத்துனா கேக்குற நம்பரு அவன் போனுக்குத்தான் போவுது. புதுசா தொறக்கலாம்னா, அவ அடையாள அட்டைக்கு ஒண்ணு ஏற்கனவே இருக்குங்குது. கவுண்டர்ல போய் நின்னா, கணவர் கையெழுத்து இருந்தா சுலபம்ங்கிறான்.”

சொல்லும்போதே அவருடைய கைபேசி சிணுங்கியது. திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு மாணவன் தோசைக்குக் கொடுத்த பணம். தொகைக்கு மேலே அவன் முழுப்பெயர், அப்பா பெயரோடு.

“பாருங்க. ஒரு தோசை தின்னதுக்கு அத்தாப் பேரு வரைக்கும் எனக்குச் சொல்லிட்டான். நான் கேட்டேனா? எனக்கு எவ்ளோ வந்துச்சுன்னு கவர்மெண்ட்டுக்குத் தெரியணும். சரி, தெரியட்டும். குடுத்தது யாருன்னு எனக்கு எதுக்கு மா?”

மதுரையில் டீக்கடைப் பெட்டி “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். பெயரைச் சொல்லாது. அது நாகரிகம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இத்தனைக்கும் பிறகு, பேருந்து ஞாபகத்தில், பாயின் மேசையிலேயே உட்கார்ந்து கடவுச்சீட்டைப் படம் எடுத்து எனக்கும் ஒரு மின்பணப்பை தொடங்கிக்கொண்டேன். பத்து நிமிடம் ஆனது. வேலை சுலபமாக முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

தங்கியது ராஜரத்தினம் வீட்டில். வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, மனைவி இல்லை, மாடி அறையை வாடகைக்கு விடுகிறார். பாய் ஏற்பாடு செய்தது. கலா ஸ்கூடாயில் இருந்தபோது அதே மாடி அறையில்தான் இருந்தாள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குழந்தையின் உயரம் குறித்திருந்தது. நான்கு கோடுகள்.

வெள்ளிக்கிழமை அவர் என்னைத் தன் காரில் தெப்ராவுக்கு அழைத்துப் போனார். கலாவின் மகள் பல்லவிக்குப் பள்ளிக் காலணி வாங்க வேண்டும். பெரிய அங்காடியில் கறுப்புக் காலணி எடுத்து, கைபேசியை நீட்டினேன். ஒரு நொடி. ஐம்பது ரிங்கிட் நோட்டோடு பேருந்து வாசலில் நின்றவள் நானில்லை என்று தோன்றியது.

திரும்பும் வழியில் ராஜரத்தினம் வேகத்தைக் குறைத்தார். “அந்தக் கடைதான்” என்றார். குளிர்சாதனம் பழுது பார்க்கும் கடை, கலாவின் கணவனுடையது. வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் ஆள், கிழவர் ஒருவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தார். சிரித்த முகம். கலாவின் திருமணத்துக்கு நான் வரவில்லை. அவனை அன்றுதான் பார்த்தேன். அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது. காவல் நிலையத்தில் புகார் இருக்கிறது. புகாருக்கு ஓர் எண்ணும் இருக்கிறது.

மதியம் ராஜரத்தினம் சாம்பல் பூசணி போட்டுக் கூட்டு வைத்தார். கருவாடு பொரித்தார். சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு அதையே பேசினார்.

“அவ போன்ல இன்னும் உதவிப் பணம் கெடக்கு. மாசக் கடைசியோட காலாவதி. தொட மாட்டா. தொட்டா ஊரு தெரிஞ்சிரும். அப்ப என்ன ஆகும்? பணம் திரும்பிப் போகும். அறிக்கையில என்ன எழுதுவாங்க தெரியுமா? பயனாளி பயன்படுத்தவில்லை. அடுத்த வருஷம் ஒருத்தன் மேசையில உக்காந்து, இவங்களுக்குத் தேவையில்ல போலன்னு வெட்டுவான். நானே அப்படி வெட்டியிருக்கேன்.”

“அரசாங்கத்துக்கு எல்லாம் தெரிந்தால் நல்லதுதானே சார்? நீங்கள் வரி அலுவலகத்தில் இருந்தவர்.”

“அதனாலதான் சொல்றேன். எனக்கு ரெண்டே விஷயம் தெரியணும். கடைக்காரன் கைக்கு எவ்ளோ வந்துச்சு. உதவிப் பணம் செலவாச்சா இல்லையா. எந்தப் பொம்பள எந்த ஊருல புள்ளைக்கு மருந்து வாங்கினான்னு தெரிஞ்சி நான் என்ன செய்ய? என் வேலைக்கு அது குப்பை. குப்பையச் சேத்து வச்சா எலி வரும். எலிக்குச் சாவி வேணாம்.”

கருவாட்டின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

“வேற மாதிரி செய்யலாம் மா. கணக்கு தெரிஞ்சவங்க செஞ்சே காட்டிட்டாங்க. பேங்க்ல இருந்து எடுக்குற காசு நோட்டு மாதிரி உங்க போன்ல வந்து உக்காரும். நீங்க நூறு எடுத்தீங்கன்னு பேங்குக்குத் தெரியும். கடைக்கு அஞ்சு வந்துச்சுன்னு வரி ஆபீசுக்குத் தெரியும். அந்த அஞ்சு இந்த நூறுல இருந்துதான் வந்துச்சான்னு பேங்கே நெனச்சாலும் சொல்ல முடியாது. விக்கிறவன் ஒளிக்க முடியாது. வாங்குறவங்க ஒளிஞ்சிக்கலாம்.”

“இதில் அரசுக்கு என்ன லாபம்?”

“பயந்தவன் ரொக்கத்துக்குப் போறான். ரொக்கத்துல வித்தவன் எனக்கு ஏன் சொல்லப் போறான்? பயத்த எடுத்துட்டா அவங்க திரும்பி வருவாங்க, அவங்க பின்னாலயே வரியும் வரும். உதவிப் பணம் போக வேண்டிய எடத்துக்குப் போகும். நோட்டு அடிச்சு, லாரியில ஏத்தி, காவல் போட்டு அனுப்புற செலவும் மிச்சம். சேத்து வச்ச பட்டியல் திருடு போனா அதுக்குப் பதில் சொல்ற வேலையும் இல்ல. வேலையில இருக்கும்போதே நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன்.”

“பதில் வந்ததா?”

“வந்துச்சே. ‘உங்கள் கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ நல்ல மலாய். ஒரு பிழை இல்ல.”

சனிக்கிழமை காலை தினேஷின் காரில் பாலோ புறப்பட்டோம். நகரத்தைவிட்டு வெளியேறும் முன் ஒரு சுங்கச் சாவடியில் தடுப்புக் கட்டை எழவில்லை. தினேஷ் கார்டை மறுபடி காட்டினான்.

“அலமாக். காசு தீந்துருச்சு.”

ரொக்கம் வாங்க அங்கே மனிதர் யாரும் இல்லை. பின்னால் ஒலிப்பான்கள். பின் காரிலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்தார், தன் கார்டைக் கருவியில் ஒற்றினார், கட்டை எழுந்தது. தினேஷ் ஜன்னல் வழியே இரண்டு நோட்டுகளை நீட்டினான். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

“இப்ப கம்ப்யூட்டர் என்ன நெனைக்கும் அக்கா? அவரு ரெண்டு தடவ போனாருன்னு நெனைக்கும்” என்று சிரித்தான் தினேஷ். “நாம எங்கயுமே போகல.”

அதன் பிறகு எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒரு மணி நேரத்துக்கு மேல். பாலோ ஒரு ரயில் நிலையம், இரண்டு வரிசைக் கடைகள், ஒரு சந்தை. கலா ஒரு சீனர் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அந்த வீட்டின் படுத்த படுக்கையான அம்மாளைக் கவனிப்பது வேலை. கூலி ரொக்கம்.

கதவைத் திறந்தவள் முதலில் என் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகுதான் என்னை.

“இளைச்சிட்டீங்க அக்கா.”

“நீதான் இளைச்சிருக்கே.”

“எனக்குக் காசு செலவில்லாத டயட்டு” என்றாள். சான்றிதழ்களை வாங்கி ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். குளுவாங் வேலையில் சம்பளம் வங்கிக்கு வரும், சேமநிதி பிடிப்பார்கள், தங்க அறை உண்டு, வாசலில் காவலாளி உண்டு. அவள் சொன்ன வரிசையில் காவலாளிதான் முதல். பல்லவி காலணியைப் போட்டு அறைக்குள் எட்டு அடி நடந்தாள், அவ்வளவுதான் இடம்.

சாமான் வாங்க நான் மளிகைக் கடைக்குப் போனேன். உரிமையாளர் ஒரு சீனப் பெண்மணி. ஸ்கேன் அட்டை எங்கே என்று கேட்டதற்கு, கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். தூசு. “இங்கே பெண்கள் ரொக்கம்தான் தருகிறார்கள்” என்றார் உடைந்த ஆங்கிலத்தில். “ஒருத்தியின் புருஷன் அவள் எவ்வளவுக்குப் பால்மாவு வாங்கினாள் என்று போனில் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டான். அதிலிருந்து யாரும் இதைத் தொடுவதில்லை. எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.” ரசீது தரவில்லை. நஷ்டம் யாருக்கு என்பதை ராஜரத்தினம் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

அன்று ரோகிணி. பல்லவியின் நட்சத்திரம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நடந்தோம். கோயில் சிறியது, வண்ணம் புதிது. அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் மேசையில் சீட்டு இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. உண்டியல் இரண்டு தடவை உடைபட்ட பிறகு நிர்வாகக் குழு ரொக்கத்தையே நிறுத்திவிட்டதாம்.

“வேணாம் அக்கா” என்றாள் கலா. “சும்மா கும்பிட்டுப் போலாம்.”

“பிள்ளை நட்சத்திரம். திங்கட்கிழமை உனக்கு நேர்முகம். ஐந்து ரிங்கிட்.”

“எங்கிட்ட ஸ்கேன் பண்ண முடியாது.”

“நான் பண்ணுகிறேன்.”

நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஆபத்து அவள் மின்பணப்பையில் இருக்கிறது. இது என்னுடையது, என் கடவுச்சீட்டு, என் எண். அவள் பெயரில் ஒரு காசும் நகரவில்லை. கலா யோசித்தாள். பிறகு பல்லவியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்நிதி முன்னால் போய் நின்றாள்.

சதுரத்தைக் காட்டியதும் ஒரு படிவம் திறந்தது. அர்ச்சனை யாருக்கு? பெயர், நட்சத்திரம். நம் ஊரில் இதைத் தட்டை நீட்டும்போது அர்ச்சகரின் காதருகில் சொல்வோம். அவர் சொல்லுவார், சாமி கேட்கும், காற்றோடு போகும். இங்கே எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். கலாவதி, தகப்பன் பெயர் பெரியசாமி. மகள் பல்லவி, ரோகிணி. சான்றிதழில் இருந்தபடி, முழுமையாக. தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்தேன். பிறகு அனுப்பினேன்.

அர்ச்சகர் தன் கைபேசியைப் பார்த்து இரண்டு பெயர்களையும் சரியாக வாசித்தார். கலா கண்ணை மூடியிருந்தாள். ஆறு மாதத்தில் தன் பெயரைச் சத்தமாக யாரோ சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று திரும்பும்போது சொன்னாள். இந்த ஊரில் அவளை எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நர்சு என்பதற்குத் தோட்டத்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை. கலா நேர்முகத்துக்கான சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கைபேசி ஒலித்தது. தெரியாத எண்.

“அக்கா வணக்கம், கோயில் ஆபீஸ்லேர்ந்து. நேத்து அர்ச்சனை பண்ணீங்கல்ல? உங்க சொந்தக்காரரு வந்திருக்காரு. உங்களத்தான் தேடுறாரு. வீடு எங்கன்னு கேக்குறாரு, சொல்றீங்களா? இருங்க, பேசுறாரு.”

“யார்?” என்றேன், தெரிந்தே.

“கலாவதி வீட்டுக்காரராம். பட்டியல்ல பாத்தாராம்.”

அழைப்பைத் துண்டித்தேன். கலா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். அவளிடம் எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டியல் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோயிலில் ஒவ்வொரு நாளும் வந்த காணிக்கை, அர்ச்சனை எல்லாவற்றையும் மாலையில் கோயிலின் முகநூல் பக்கத்தில் போடுவார்கள். பழைய செயலாளர் ஒருவர் பணத்தை விழுங்கிவிட்டார் என்று சண்டை வந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாடு. அன்றைய அர்ச்சனைகள் ஏழு. மூன்றாவது வரி என்னுடையது. பெயர், தகப்பன் பெயர், மகள், நட்சத்திரம், நேரம். மகளுடைய நட்சத்திரம் வரும் நாட்களில் ஜொகூர்க் கோயில்களின் பக்கங்களை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கலாம். யாராவது காட்டியிருக்கலாம். தெரியாது.

தினேஷைக் கூப்பிட்டேன். நல்லவேளை, பாலோவில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தான். பன்னிரண்டு நிமிடத்தில் வந்தான். கலா இரண்டு பைகள் எடுத்தாள். சேலையை எடுக்கவில்லை. படுக்கையிலிருந்த சீன அம்மாளின் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, மாலை மாத்திரையைத் தாளில் மடித்து அதன் மேல் வைத்தாள். பல்லவி பள்ளிப்பையைத் தானாகவே மாட்டிக்கொண்டாள். புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு, கேட்காமலே, பின்வாசலில் போய் நின்றாள். அவளுக்குப் பழக்கம்.

“கலா” என்றேன்.

“நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா” என்றாள் அவள், பையின் வாயை இழுத்துக்கொண்டே. “பேப்பர்ல வேல பாத்தவங்க. முழுசாத்தான் எழுதுவீங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரில் நால்வருக்கும் பைகளுக்கும் இடம் போதாது என்று இல்லை. ஆனால் அவள், “நீங்க வேணாம்” என்றாள். “உங்க போன் நம்பரு அவங்கிட்ட இருக்கு.” அது சரி. கார் சந்தைப் பக்கம் திரும்பாமல் தோட்டத்து மண்சாலையில் இறங்கியது. எங்கே போனாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

அவன் வந்தான். இருபது நிமிடம் கழித்து, கோயில் எழுத்தரோடு, ஒரு பை ஆப்பிளும் கையுமாக. யாரோ ‘மிஸ்ஸி’ வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். “வணக்கம் அக்கா, கல்யாணத்துக்கு நீங்க வரல” என்று கை கூப்பினான். அறையைப் பார்த்தான். தேய்ப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்திருக்கும். ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு, “அவசரம் இல்ல” என்றான்.

மாலையில் கோயிலுக்குப் போனேன். புதிய செயலாளர் நல்லவர். வயதானவர், தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இருண்டது.

“ஐயோ மா. எடுத்துர்றேன். எல்லாத்தையும் எடுத்துட்டா மறைச்சோம்பாங்க, இத மட்டும் எடுக்குறேன். எங்களுக்கு வேண்டியது மொத்தம்தான் மா. எவ்ளோ வந்துச்சு, அவ்ளோதான். சங்கப் பதிவிலாகாவும் அதத்தான் கேக்குது. பேரு யாருக்கு வேணும்? அந்த ஸ்கேன் ஆப்பு குடுக்குற காகிதத்துல எல்லாமே சேந்து வருது. மொத்தம் மட்டும் குடுன்னா குடுக்கத் தெரியல அதுக்கு.”

என் முன்னாலேயே அழித்தார். அதற்குள் அது முப்பத்தொரு பேரால் பகிரப்பட்டிருந்தது. திருவிழா நெருங்குவதால் பக்கத்துக்கு நல்ல வரவேற்பு என்றார் எழுத்தர்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்தான் குளுவாங் முதியோர் இல்லத்துக்குப் போனேன். பழுப்பு உறையை அவள் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். தலைமைச் செவிலியர் தாள்களைப் பார்த்தார். “நல்ல மதிப்பெண்கள்” என்றார். ஆள் எங்கே என்று கேட்டார். வர முடியவில்லை என்றேன். காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். வெளியே நாற்காலிகளில் இன்னும் நான்கு பெண்கள் உறைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார். வாசலில் காவலாளி இருந்தார். போகும்போது என் பெயரை, முழுப்பெயரை, பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

ஸ்கூடாய் திரும்பியதும் ராஜரத்தினத்திடம் சொன்னேன். “அந்த நாலு பக்கத்தோட நகல் இருக்கு” என்றார். “வேணுமா?” வாங்கிக்கொண்டேன். மலாயில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது.

கலாவின் மின்பணப்பையிலிருந்த உதவிப் பணம் மாதக் கடைசியில் காலாவதியானது.

பாலோ பள்ளியிலிருந்து பல்லவியின் வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். அவள் அங்கே படித்தது பதினேழு நாள்.